வெள்ளிக்கிழமைச் சட்டியும் மற்றைய ஆறு நாட்களும்

யாழ்ப்பாணத்தாருக்கு வாயைக் கட்டத் தெரியாது என்று எவராவது சொன்னால் நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். ஐப்பசியில் கந்தசஷ்டி தொடங்கிய பின்னர் குடாநாட்டின் எந்தக் கிராமத்துக்காவது சென்று பாருங்கள். ஆறு நாட்களும் ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும் உண்பவர்கள், இளநீரோடு நிறுத்திக்கொள்பவர்கள், மிளகும் தண்ணீருமாக இருந்துவிடுபவர்கள் என்று ஒவ்வோர் ஒழுங்கையிலும் நாலு பேராவது இருப்பார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஆச்சிமார் வெறும் வயிற்றோடு கோயில் மண்டபத்தில் அமர்ந்து கந்தபுராணப் படிப்புக் கேட்பார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர்களும் அவர்களேதான். சொதியின் மணம் மூக்கில் ஏறும். கை வாய்க்குப் போகாது. உப்புப் பார்ப்பதற்குக்கூட வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

கேதாரகௌரி விரதம் 21 நாட்கள். நல்லூரில் கொடியேறினால் 25 நாட்களுக்குப் பல வீடுகளில் மச்சம் இல்லை. குருநகரிலும் பாஷையூரிலும் கத்தோலிக்கருக்குத் தவக்காலம் 40 நாட்கள். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளின் பின்னர் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் சோனகதெருவில் ஒரு மாதம் நோன்பிருக்கின்றன. உலகில் எத்தனை சமூகங்களுக்கு இப்படியொரு பயிற்சி வாய்த்திருக்கிறது?

ஆயினும், ஏதாவது ஒரு காலை வேளையில் யாழ். போதனா வைத்தியசாலையின் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவுப் பக்கம் சென்று பாருங்கள். கையில் மட்டையோடு காத்திருக்கும் கூட்டத்தில் பாதிப்பேரின் நெற்றியில் திருநீறு இருக்கும். கந்தசஷ்டி பிடிப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். கௌரிக் காப்புக் கட்டிய கையை நீட்டித்தான் பலர் இரத்தம் கொடுக்கிறார்கள். ஆறு நாட்கள் அன்னத்தையே தொடாமல் இருக்கக்கூடிய ஒருவரால், மீதியுள்ள ஆண்டு முழுவதும் தேநீரில் ஒரு கரண்டி சீனியைக் குறைக்க முடியாமற் போவது ஏன்? நெடுநாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது.

முதலில் சில கணக்குகள். 2005–2006 இல் இலங்கையில் நடத்தப்பட்ட பெரிய நீரிழிவு ஆய்வு ஒன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அந்நோய் இருப்பதாகக் கூறியது. ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே அந்த ஆய்வு நடந்தது. விடுபட்டவை வடக்கும் கிழக்கும், காரணம் போர். (நாங்கள் செத்தவர்களின் எண்ணிக்கையில் மட்டுமல்ல, நோயாளரின் எண்ணிக்கையிலும் விடுபட்டவர்கள்.) பின்னர் 2018–2019 இல் நடந்த தேசிய ஆய்வில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 23 வீதமாக இருந்தனர். நான்கு பேர் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் ஒருவர் நோயாளி என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த கட்டத்தில் எல்லைக்கோட்டில் நிற்பவர்களோ அதைவிட அதிகம்.

இந்த நோயின் விளைவுகளை விவரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறது. என்னிடம் உள்ள கதையைச் சொல்கிறேன்.

பத்திரிகை அலுவலகத்தில் என்னோடு ஒரே மேசையில் பல ஆண்டுகள் இரவுப் பணி செய்த மூத்த துணையாசிரியர் ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கந்தசஷ்டியையும் தவறவிடாதவர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து சென்றபோது அந்த ஆண்டின் விரதம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆறு நாள் பட்டினி கிடந்த கால்களோடு, தாயாரைத் துவிச்சக்கரவண்டியில் இருத்தி உருட்டிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனவர் அவர். அத்தகைய மனிதர் இரவு பன்னிரண்டு மணிக்கு முதற்பக்கம் முடிந்ததும் ஒரு கொத்துரொட்டிப் பொதியும், மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரும் இல்லாமல் எழுந்திருக்கமாட்டார். சலரோகம் வந்த பின்னரும் அப்படித்தான். நான் ஒருநாள் கேட்டேன்: "அண்ணை, ஆறு நாள் தண்ணியோடை இருக்கிறியள். இந்தச் சீனியை விட ஏலாதே?" அவர் சிரித்துக்கொண்டு சொன்ன பதில் இது: "அது முருகனுக்கு, தம்பி. இது எனக்குத்தானே."

பின்னர் அவருக்குக் காலில் ஒரு சிறு காயம் வந்தது. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இப்போது அவர் இல்லை.

"அது முருகனுக்கு, இது எனக்கு" என்ற அந்த வாசகத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவரிடம் மனவுறுதி இல்லை என்று சொல்வது அபத்தம். உறுதி இருந்தது, அதற்கு ஒரு திகதி இருந்தது, ஒரு விதி இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஊர் இருந்தது. தேநீருக்கு இவை எதுவும் இருக்கவில்லை. அங்கே அவர் தனியாக நின்றார். நமது வைத்தியர்களும் அவரைத் தனியாகவே நிறுத்தினார்கள். "வாயைக் கட்டுங்கோ ஐயா" என்று சொல்லி, அடுத்த மட்டையை எடுத்தார்கள். வரிசையில் இன்னும் நூறு பேர் நிற்கும்போது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் "வாயைக் கட்டு" என்பது ஆலோசனையன்று. நீச்சல் தெரியாதவனிடம் "மூழ்காதே" என்று சொல்வதைப் போன்றது அது.

நமது வீடுகளில் வெள்ளிக்கிழமை எப்படி நடக்கிறது என்று சற்றுக் கவனியுங்கள். வியாழன் இரவே மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். வெள்ளிக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை. காலையில் மீன்காரர் படலையடியில் மணி அடிப்பதில்லை; அடித்தாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மதியம் கீரையும் பருப்பும் கத்தரிக்காயும் மேசைக்கு வரும். அன்றைய தினம் மீன் சாப்பிடாமல் இருப்பதற்கு எவரும் தம் மனத்தோடு போராடுவதில்லை. மீன் வேண்டும் என்ற எண்ணமே பெரும்பாலும் எழுவதில்லை. சிறுவயதிலிருந்து எத்தனையோ ஆயிரம் வெள்ளிக்கிழமைகளை நாம் இப்படிக் கழித்திருக்கிறோம். இதைச் சுயகட்டுப்பாடு என்று நாம் அழைப்பதுகூட இல்லை. "இண்டைக்கு வெள்ளி" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்குத் தெரிந்த மட்டில் மிக உயர்ந்த சுயகட்டுப்பாடு இதுதான்.

உளவியலாளர்கள் சுற்றி வளைத்து இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1998 இல் ரோய் போமைஸ்ரர் என்ற அமெரிக்கரும் அவரது சகாக்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். புதிதாகச் சுட்ட பிஸ்கற்றின் மணத்துக்கு நடுவே சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். அவர்கள் பின்னர் கொடுக்கப்பட்ட புதிரை விரைவிலேயே கைவிட்டார்கள். மனவுறுதி என்பது தசையைப் போலக் களைத்துப்போகும் என்ற கொள்கை அதிலிருந்து பிறந்து உலகமெங்கும் பரவியது. 2016 இல் 23 ஆய்வுகூடங்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டு அந்தக் கொள்கையை மீண்டும் சோதித்தபோது விளைவு ஏறத்தாழச் சுழியமாக இருந்தது. இடையில், 2012 இல், ஜேர்மனியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. இருநூறு பேரளவிலானோரிடம் நாளுக்குப் பலமுறை "இப்போது எதற்காவது ஆசைப்படுகிறீர்களா, அதை எதிர்க்கிறீர்களா" என்று கருவி மூலம் கேட்டார்கள். சுயகட்டுப்பாடு மிக்கவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் அல்லர். மல்லுக்கட்ட வேண்டிய நிலைமைகளைக் குறைவாகச் சந்தித்தவர்கள். வியாழன் இரவே சட்டியைக் கவிழ்த்துவிட்டவர்கள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிடுவார் என்பது எனக்குத் தெரியும். "பொருளாதாரத் தடைக் காலத்தில் யாருக்கு வருத்தம் இருந்தது? சீனி இல்லை, மா இல்லை, பெற்றோல் இல்லை. எல்லோரும் சைக்கிள் ஓடினோம், சுகமாக இருந்தோம்" என்பார். இந்த வாதத்தைத் தேநீர்க் கடைகளிலும் ரொறன்ரோ விருந்துகளிலும் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு ஐந்தாண்டுகளுக்கு மேல் குடாநாடு மின்சாரமின்றி, ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்தது. சீனி விலை ஏறியபோது உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். அது உண்மை. அதே காலத்தில் இன்சுலின் கிடைக்காமல் தவித்தவர்களையும், பால்மா இல்லாமல் அழுத குழந்தைகளையும் இந்த நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். இல்லாமையால் உண்ணாமல் இருப்பது சுயகட்டுப்பாடு அன்று. பூட்டிய கதவின் முன்னால் நின்றவன் உள்ளே போகாததற்காகப் பாராட்டுப் பெற முடியாது.

கதவு திறந்தபோது என்ன நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சீனிக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்ரெம்பரில் அது நீக்கப்பட்டபோது மக்களின் சீனி நுகர்வு உடனடியாக ஏறத்தாழ இரு மடங்காகியது. அந்தத் திகதிக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024 இல் வெளியானது. தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுக் காலத்தைக் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 வீதம் குறைவாக இருந்தது. ஆகவே தடை நல்லதுதான் என்று நண்பர் துள்ளிக் குதிக்கக்கூடும். பொறுக்க வேண்டும். நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மனியப் படைகள் உணவு செல்லாமல் தடுத்ததனால் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது அவர்களது உடல் சீனியைக் கையாளும் திறனில் குறை கண்டார்கள். பிரித்தானியத் தாய்மாருக்குச் சீனி அளவாகக் கிடைத்தது, வயிறு காயவில்லை. நெதர்லாந்துத் தாய்மாருக்கு வயிறே காய்ந்தது. எங்கள் தாய்மார் எந்தப் பக்கம் இருந்தார்கள்? முகாம்களிலும் கோயில் மண்டபங்களிலும் கருவைச் சுமந்தவர்களைக் கண்டவன் என்ற முறையில் எனக்கு அச்சமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். அலுவலகங்களில் கதிரையில் அமர்ந்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் போய் ரோல்ஸ் வாங்குகிறார்கள். மற்றவர்களைவிட முன்னதாகவே இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்.

2002 இல் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. 2009 இல் போர் முடிந்த பின்னர் மீண்டும் திறந்தது. பாரவூர்திகளில் முதலில் வந்தவற்றுள் குளிர்பானமும் பிஸ்கற்றும் உடனடி நூடில்ஸும் இருந்தன. நகரத்தில் பேரங்காடிகள் எழுந்தன. வெதுப்பகங்கள் சந்திக்குச் சந்தி முளைத்தன. பாண் விற்கும் முச்சக்கரவண்டி இசை எழுப்பிக்கொண்டு ஒழுங்கைக்குள்ளேயே வருகிறது. இருபது ஆண்டு காலம் எதையும் தெரிவுசெய்யும் பயிற்சி இல்லாதிருந்த ஒரு சமூகத்தின் முன்னால் எல்லாம் ஒரேயடியாக வைக்கப்பட்டது. பிறந்தநாளுக்கு ஒரு கேக், சாமத்தியச் சடங்குக்கு ஒரு கேக், செத்த வீட்டில் சோடா. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மச்சத்தைத் துறந்த அதே கூட்டம் மாலையில் கோயிற் சுற்றாடலில் உள்ள ஐஸ்கிரீம் கடைகளில் இடம் பிடிக்க முண்டியடிக்கிறது. விரத விதியில் ஐஸ்கிரீம் எழுதப்படவில்லை அல்லவா! விதியை எழுதிய முன்னோர் காலத்தில் ஆபத்து வேறு தட்டில் இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். நம்மிடம் உள்ள விரதப் பயிற்சியை அன்றாட உணவுக்கு இறக்கிக்கொண்டு வர வேண்டும். பட்டினியை அன்று, விரதத்தின் அமைப்பை. "சீனியைக் குறைப்பேன்" என்பது விரதம் ஆகாது. அதில் நாளும் இல்லை, அளவும் இல்லை. "வெள்ளியென்றால் மச்சம் இல்லை" என்பது போல, "தேநீரென்றால் ஒரு கரண்டி", "இரவென்றால் சோறில்லை", "வெளியிலென்றால் சோடா இல்லை" என்று நிலைமையையும் செயலையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டும். பீற்றர் கொல்விற்சர் என்ற ஜேர்மனிய உளவியலாளர் 1990களில் இருந்து இத்தகைய "இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்" என்ற தீர்மானங்களை ஆராய்ந்து, வெறும் நோக்கத்தைவிட இவை நன்றாக நிறைவேறுகின்றன என்று காட்டியிருக்கிறார். நமது பாட்டிமார் ஆராயாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த முடிச்சை எந்த இடத்தில் போடுவது என்பது முக்கியம். சாப்பாட்டுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்த பிறகு போடுவது கடினம். உலை வைக்கும்போதே போட்டுவிட வேண்டும். நமது வீடுகளில் அரிசியைப் பேணியால் அளக்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு, பிறகு "யாரும் வந்தாலும்" என்று மேலதிகமாக ஒரு கை. யாரும் வருவதில்லை, அந்தக் கை அரிசியும் நமது கோப்பைக்குத்தான் வருகிறது. மிஞ்சுவதை எறிய மனம் வராத தாயார் "இந்தக் கொஞ்சத்தையும் போட்டுக்கொண்டு எழும்பு மோனை" என்கிறார். பசியைக் கண்ட தலைமுறை அது. சோற்றை எறியச் சொல்லி அவரோடு வழக்காட எனக்கு மனமில்லை. ஆனால் பேணியோடு வழக்காடலாம். என் வீட்டில் அந்த மேலதிகக் கையை நிறுத்தி, அந்த இடத்தில் இன்னொரு மரக்கறியைச் சேர்த்தோம். என்னுடைய இரத்தச் சீனியும் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. முதல் இரு கிழமைகள் மேசையில் முணுமுணுப்பு இருந்தது. பின்னர் ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தேநீர் இன்னும் சிக்கலானது. அதில் நமது மரியாதை கரைந்திருக்கிறது. ஒரு வீட்டுக்குப் போனால் தேநீர் குடிக்காமல் எழுந்திருக்க முடியாது. "ஒரு வாய் தேத்தண்ணி குடியாமல் போறியளோ, நாங்கள் என்ன குறை விட்டனாங்கள்?" என்று கேட்டுவிட்டால் சீனி குறைந்த தேநீரையும் கேட்க முடியாது. சீனி குறைந்தால் வீட்டுக்காரருக்குக் கை சுருங்கிய பெயர். செய்தி சேகரிப்பதற்காக ஒரு நாளில் ஐந்து வீடு ஏறி இறங்கினால் ஐந்து தேநீர். கோப்பைக்கு மூன்று கரண்டியாகப் பதினைந்து கரண்டி சீனி. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சேர்க்கப்படும் சீனி ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் மிக நல்லது. நாம் மதியத்துக்கு முன்னரே அந்தக் கணக்கை முடித்துவிடுகிறோம். இதை விருந்தினர் மாற்ற முடியாது. வீட்டுக்காரர்தான் மாற்ற வேண்டும். சீனிப் போத்தலைத் தனியாக மேசையில் வைத்து "உங்கடை அளவுக்குப் போடுங்கோ" என்று சொல்லும் பழக்கத்தைச் சில ஆசிரியர்களின் வீடுகளில் கண்டேன். அங்கே எவரது மரியாதையும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு சிறிய மாற்றங்களால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு, சென்னையைச் சேர்ந்த வைத்தியர் அ. ராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வைச் சொல்வேன். நீரிழிவின் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 வீதமானோர் நோயாளராகினர். உணவையும் நடையையும் ஒழுங்குசெய்ய இடைவிடாது ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் அது 39 வீதமளவில் நின்றது. மாத்திரை கொடுக்கப்பட்ட பிரிவும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருந்தது. அதே குழுவினர் 2013 இல் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் ஆண்களுக்குக் கைத்தொலைபேசியில் உணவு பற்றியும் நடை பற்றியும் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில், செய்தி பெறாதவர்களில் 27 வீதமானோருக்கு நோய் வந்தது. பெற்றவர்களில் 18 வீதமானோருக்கு. "இண்டைக்கு வெள்ளியடா" என்று நினைவூட்டிய அப்பாச்சியின் வேலையைத் தொலைபேசி செய்திருக்கிறது.

விரதத்தை முன்மாதிரியாகச் சொல்லும்போது அதன் இரு பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். ஒன்று பாறணை. ஆறு நாள் கட்டிய வயிற்றை ஏழாம் நாள் வடை பாயாசத்தோடு அவிழ்த்துவிடுகிறோம். முடிவுத் திகதி உள்ள கட்டுப்பாடு, முடிந்த கையோடு பழையபடி உண்ணும் உரிமையையும் தந்துவிடுகிறது. "ஒரு மாத டயற்" என்று தொடங்குகிறவர்களுக்கும் இதே கதிதான். மற்றது, முறிவு. விரத நாளில் தவறுதலாக ஒரு துண்டு வாயில் போய்விட்டால் விரதம் முறிந்தது; அவ்வளவுதான். அன்றாட உணவில் இந்தக் கணக்கு ஆபத்தானது. ஒரு கலியாண வீட்டில் இரண்டு லட்டுச் சாப்பிட்டவர் "எல்லாம் போச்சு" என்று மூன்றாவதையும் எடுக்கிறார். 2010 இல் லண்டனில் பிலிப்பா லலி என்பவரும் சகாக்களும் 96 பேரிடம் புதுப் பழக்கம் எப்படி ஊன்றுகிறது என்று பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தது. சிலருக்கு 18 நாட்கள். சிலருக்கு இருநூற்றைம்பதைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். கந்தசஷ்டியின் ஆறு நாளும் கௌரியின் இருபத்தொரு நாளும் பலருக்குப் போதா. தவக்காலத்தின் நாற்பதும் போதாது.

ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு உண்ணாநோன்பு இருப்பது உயிராபத்து. சீனி திடீரென இறங்கி மயங்கிவிடுவீர்கள். வைத்தியரிடம் கேட்காமல் விரதம் பிடிக்க வேண்டாம். முருகன் கோபிக்கமாட்டார்.

எல்லாவற்றையும் வீட்டின் தலையிலும் மனிதனின் மனத்திலும் சுமத்திவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. 2016 ஓகஸ்டில் குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2017 நவம்பரில் சீனியின் அளவைக் கொண்டு வரியும் விதித்தார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் சந்திக் கடையில் பணிஸ் வாங்கும் பாடசாலைப் பிள்ளைக்கு எந்த நிற அடையாளமும் இல்லை. திருநெல்வேலியில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகத்தில் குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் மலிவாகக் கிடைக்கின்றன. அங்கே கூட்டமும் குறைவில்லை. நல்லதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் சனம் உண்ணும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அத்தகைய உணவகம் ஏன் ஒவ்வொரு பெரிய பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் பக்கத்தில் இல்லை?

கோயில்களுக்கும் ஒரு பங்கு உண்டு. திருவிழாக் காலத் தண்ணீர்ப் பந்தல்களில் சர்க்கரைத் தண்ணீரும் சர்பத்தும் வாளி வாளியாகக் கரைக்கப்படுகின்றன. வெயிலில் நடந்து வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று குவளை குடிக்கிறார்கள். மோர் கரைத்தால் என்ன? சில பந்தல்களில் மோர் ஊற்றுகிறார்கள். உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட அந்த மோருக்கு வரிசை நீளமாகத்தான் நிற்கிறது. அறங்காவலர் சபை ஒன்று ஒரு தீர்மானம் எடுத்தால், ஆயிரம் பேர் தனித்தனியாக மனத்தை அடக்க வேண்டிய வேலை மிச்சம்.

வெளிநாடுகளில் இருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பயணப் பெட்டியில் அடைத்து வரும் சொக்கிலேற்றுகள், அவற்றை வாங்கும் அத்தையும் மாமாவும் நோயாளர் என்று தெரிந்தும் கொண்டுவரப்படுபவை. "பிள்ளை ஆசையாய்க் கொண்டு வந்தது" என்பதற்காகவே அவர்கள் உண்கிறார்கள். அன்பை மறுக்கும் விரதம் எதுவும் நம்மிடம் இல்லை. அடுத்த முறை அந்த இடத்தில் இரத்தச் சீனி அளக்கும் கருவிக்குரிய பட்டிகள் இரண்டு பெட்டி கொண்டு வாருங்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு இங்கே அவற்றை மாதாமாதம் வாங்குவது பெரும் சுமை. வாங்கும் முன்னர் கருவியின் பெயரைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கருவியின் பட்டி இன்னொன்றுக்குப் பொருந்தாது.